நாட்டை இரண்டாக்கிய தேர்தல்

தேர்தல் என்றால் ஒருவர் ஜெயிப்பார், மற்றவர்கள் தோற்பார்கள். தோற்றவர்கள் அடுத்த தேர்தல் வரை காத்திருப்பார்கள். அதுதான் வழக்கம்.

அமெரிக்காவில் 1860-ம் ஆண்டு நடந்த ஜனாதிபதி தேர்தலில் இந்த வழக்கம் உடைந்தது. தோற்றவர்கள் நாட்டையே உதறிவிட்டுப் பிரிந்து போனார்கள். பிறகு துப்பாக்கி எடுத்தார்கள்.

40 லட்சம் அடிமைகள்

அப்போது அமெரிக்காவின் தென்பகுதியில் சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். பருத்திக் காடுகளில் உழைத்தார்கள். மாட்டை விற்பதுபோல அவர்களை ஏலம் போட்டு விற்றார்கள். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம்! தேர்தல் அவர்களைப் பற்றித்தான். அவர்களுக்கோ ஓட்டு இல்லை.

மேற்கே புதிதாக உருவாகும் பகுதிகளிலும் அடிமை முறை பரவலாமா? இதுதான் தகராறு. கூடாது என்றார், ஆபிரகாம் லிங்கன். ஏற்கனவே அடிமை முறை உள்ள ராஜ்யங்களில் தலையிடமாட்டேன் என்றும் சொன்னார். தெற்கத்திப் பண்ணையார்கள் அதை நம்பவில்லை.

நான்கு முனைப் போட்டி

எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியும் இந்தத் தகராறில் உடைந்தது. வடக்கே டக்ளஸ், தெற்கே பிரெக்கின்ரிட்ஜ் என்று இருவர் நின்றார்கள். பெல் என்பவர் நான்காவது ஆள்.

அந்தக் காலத்தில் ஓட்டுச் சீட்டை சர்க்கார் அச்சிடுவதில்லை. கட்சிகளே அச்சிட்டுக் கொடுக்கும். தெற்கே 9 ராஜ்யங்களில் லிங்கனுக்குச் சீட்டே இல்லை!

அப்படியும் அவர் ஜெயித்தார். 100-க்கு 40 பேர்தான் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் 303 பிரதிநிதிகளில் 180 பேர் அவர் பக்கம். தெற்கின் தயவு இல்லாமலே ஒருவர் ஜனாதிபதி ஆகிவிட்டார். இனி எந்தத் தேர்தலிலும் நம் கை ஓங்காது என்ற பயம் பண்ணையார்களைப் பிடித்துக்கொண்டது.

வேடிக்கை பார்த்த ஜனாதிபதி

நவம்பர் 6-ந் தேதி தேர்தல். லிங்கன் பதவி ஏற்றது, 1861 மார்ச் 4-ந் தேதி. நடுவே நான்கு மாதம்! அதற்குள் தெற்கு கரோலினா முதலாக 7 ராஜ்யங்கள் பிரிந்தன. தனி ஜனாதிபதியும் வைத்துக்கொண்டன.

பதவியில் இருந்த புக்கானன் என்ன செய்தார்? பிரிந்து போக உரிமை இல்லை என்றார். தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். வீடு பற்றி எரியும்போது வாசலில் நின்று சட்டம் பேசினார்!

தோற்ற இருவர்

பிரெக்கின்ரிட்ஜ் அப்போது உப ஜனாதிபதி. லிங்கன் ஜெயித்தார் என்று சபையில் அறிவித்தவரே அவர்தான். பிறகு அவரே தெற்கத்திப் படையில் தளபதி ஆனார்.

டக்ளஸ் வேறு ரகம். தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும், தெற்கே போனார். தனக்கு ஓட்டுக் கேட்க அல்ல. பிரியாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல! போர் மூண்டதும் லிங்கன் பக்கம் நின்றார். 1861 ஜூன் மாதம் காலமானார். சரித்திரம் அவரை அதிகம் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும்.

1861 ஏப்ரல் 12-ந் தேதி சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்தது. மேலும் 4 ராஜ்யங்கள் பிரிந்தன. போர் நான்கு ஆண்டு நடந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள்.

1865-ம் ஆண்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குள், கறுப்பின மக்களில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் லிங்கன் படையில் சேர்ந்து போரிட்டிருந்தார்கள்.