நகல் எடுங்கள், சாவியை மாற்றுங்கள்!

ஓர் அலுவலகம். 20 பேர் வேலை பார்க்கிறார்கள். மேஜைக்கு மேஜை டெலிபோன். 101-ஐ அழுத்தினால் மானேஜர் பேசுவார். 102-ஐ அழுத்தினால் கணக்கர் பேசுவார். இப்படி இணைப்புக் கொடுக்க முன்பெல்லாம் ஒரு பெரிய பெட்டி வேண்டும். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

இன்று அந்த வேலையை உள்ளங்கை அளவுள்ள கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது.

இதற்கு வழி காட்டியவர் மார்க் ஸ்பென்சர். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1999-ம் ஆண்டில், மாணவராக இருந்தபோதே சிறு கம்பெனி ஒன்று தொடங்கினார். கம்பெனிக்கு டெலிபோன் பெட்டி வேண்டும். கையில் பணம் இல்லை. நாமே செய்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார்! லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடும்படி ஒரு சாப்ட்வேர் எழுதினார். அதற்கு "ஆஸ்டரிஸ்க்" என்று பெயர் வைத்தார். டெலிபோனில் இருக்கிறதே நட்சத்திரக் குறி, அதன் பெயர்தான் அது.

அதை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். திருத்தலாம். நகல் எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். லினக்சும் அப்படித்தான்.

2012-ல் இங்கிலாந்தில் இருந்து "ராஸ்பெரி பை" என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் வந்தது. விலை 35 டாலர். அதிலும் ஆஸ்டரிஸ்க் ஓடியது. சிறு கடைக்காரருக்கும் டெலிபோன் பெட்டி எட்டும் விலைக்கு வந்துவிட்டது.

எல்லாம் ஒரு கார்டில்

இந்தக் கம்ப்யூட்டரின் சாப்ட்வேர், அதில் எழுதி வைத்தது எல்லாம் ஒரு சிறு மெமரி கார்டில் இருக்கிறது. யாருக்கு எந்த எண், எடுக்காவிட்டால் மணி எங்கே அடிக்க வேண்டும், வெளி அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்து எழுத வேண்டும். முதல் தடவை பொறுமை வேண்டிய வேலை. இரண்டாவது தடவை அந்தக் கஷ்டம் இல்லை. கார்டை அப்படியே நகல் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகினால் போதும். உடனே ஓடும்!

வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நகல் எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எடுக்கத்தான் வேண்டும். திரும்பத் திரும்ப எழுதினால் கார்டு தேய்ந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கெட்டும் போகலாம். மேஜை டிராயரில் ஒரு நகல் இருந்தால், சில நிமிடங்களில் டெலிபோன் மறுபடியும் பேசும். அந்த நகல் அச்சு அசலாக இருக்க வேண்டும். (ஒரே அளவு என்று அட்டையில் போட்டிருக்கும் இரண்டு கார்டுகளில் ஒன்று கொஞ்சம் சிறியதாக இருப்பதுண்டு. நகல் அதில் அடங்காது. சொருகிப் பார்த்துவிட்டுத்தான் டிராயரில் வைக்க வேண்டும்.)

ஆனால் வேறு ஊரில் உள்ள கிளைக்குப் போகும் நகல் அச்சு அசலாக இருக்கக்கூடாது. அதில் பாஸ்வேர்டு எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. தொலைவில் இருந்து பழுது பார்ப்பவர், தான் பேசுவது சரியான கம்ப்யூட்டருடன்தானா என்று தெரிந்துகொள்ள உதவும் ரகசியச் சாவியும் வந்துவிடுகிறது. பத்துக் கிளை என்றால், பத்து வீட்டுக்கும் ஒரே சாவி! ஒரு வீட்டில் திருடன் அதை எடுத்தால் மற்ற ஒன்பது வீடும் அவன் கையில்.

நள்ளிரவில் அழைப்பு

"நம் சிறிய கடைக்கு யார் வரப்போகிறார்கள்?" என்பவர்கள் உண்டு. திருடன் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு விலாசத்தையும் அவனுடைய சாப்ட்வேர் தட்டிப் பார்க்கிறது. 101 என்ற எண்ணுக்கு 101 என்றே பாஸ்வேர்டு இருந்தால் உள்ளே வந்துவிடும். நள்ளிரவில், கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். அந்தக் கட்டணத்தில் திருடனுக்குப் பங்கு. பில் வருவது கடைக்காரருக்கு!

இது சிறியவர்கள் மட்டும் செய்யும் காரியம் அல்ல. 2015-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த செக் கன்சல்ட் என்ற நிறுவனம், 70-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் 4,000-க்கும் அதிகமான கருவிகளை ஆராய்ந்தது. ஒரே ரகசியச் சாவியை ஏராளமான கருவிகளுக்குள் வைத்து விற்றிருந்தது தெரியவந்தது. பிறகுதான் சட்டம் விழித்தது. கருவிக்குக் கருவி தனிப் பாஸ்வேர்டு, அல்லது வாங்கியவர் முதலிலேயே மாற்றும் ஏற்பாடு வேண்டும் என்ற கலிபோர்னியா சட்டம் 2020-ல் நடைமுறைக்கு வந்தது. 2024-ல் பிரிட்டனும் பொதுப் பாஸ்வேர்டைத் தடுத்தது. ராஸ்பெரி பை செய்பவர்களும், எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த பெயரை 2022-ல் எடுத்துவிட்டார்கள்.

வேலை அப்படி ஒன்றும் பெரிதல்ல. நகல் எடுக்கும் முன்பு பழைய சாவிகளை அழித்துவிட்டு, முதல் முறை ஓடும்போது புதுச் சாவி செய்துகொள்ளும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் நீளமான, புதிய பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத கடையில் அதை அடைத்துவிட வேண்டும். அரை நாள் வேலைதான். அதைச் செய்யாமல் கார்டைச் சொருகிவிட்டுப் போகிறவருக்கு முழுக் கூலி எதற்கு?

கடைக்காரருக்கு லினக்ஸ் தெரிய வேண்டியதில்லை. "இந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு வேறு எந்தப் பெட்டிக்காவது பொருந்துமா?" என்று கேட்டால் போதும். பொருந்தாது என்று சொன்னால், அதைத் தாளில் எழுதி உறையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேலேயே ஒட்டிவிட்டுப் போக விடாதீர்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.