பேயா? இரவு வேலையா?

"பிடித்துவிட்டது" என்கிறார்கள். எது பிடித்தது? "பேய்" என்கிறான் பூசாரி. "சனி" என்கிறான் சோதிடன். பிடித்தது எது என்பதில்தான் இருவருக்கும் வேற்றுமை. காணிக்கை கேட்பதில் எள்ளளவும் வேற்றுமை இல்லை!

தோழர்களே! என் மாணவன் ஒருவனின் அண்ணன், திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தையல்காரன். ஏற்றுமதிச் சரக்கு கப்பலேறும் நாள் நெருங்கிற்று. ஒன்றரை ஷிப்ட் போதாதென்று விடிய விடிய வேலை. நான்கு இரவுகள் கண் மூடவில்லை. ஐந்தாம் நாள் களைத்து விழவேண்டியவன் களைக்கவில்லை! மூச்சு விடாமல் பேசினான். நாளையே சொந்தக் கம்பெனி தொடங்கப் போவதாகக் கண்டவரிடமெல்லாம் கூறினான். சனிக்கிழமைக் கூலியை முன்பின் அறியாதவர்க்கு வாரி வழங்கினான். வீட்டார் வேப்பிலை அடித்தனர், உடுக்கை அடித்தனர், கடைசியில் அவனையே அடித்தனர். இரு திங்கள் கழிந்தன. அதே இளைஞன் பாயைவிட்டு எழாமல், உண்ண மறுத்து, சுவரைப் பார்த்துக் கிடந்தான். "பேய் இறங்கிவிட்டது" என்று மகிழ்ந்தது வீடு!

இறங்கியது பேயல்ல. எழுச்சியும் வீழ்ச்சியும் மாறி மாறி வரும் அந்நோய்க்கு இருமுனை மனநோய் என்று பெயர். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக உறங்கினாய்?" என்பது. சோதிடன் பிறந்த நேரத்தைக் கேட்டான். மருத்துவர் உறங்கிய நேரத்தைக் கேட்டார்.

உறக்கக் கேடு மட்டுமே இந்நோயைப் படைத்துவிடுவதில்லை. பிறவியிலும் குடும்ப வழியிலும் அதற்கு வேர் உண்டு. ஆனால் உறங்கும் வாய்ப்புள்ள உடலே அந்த வேரை அடக்கி வைக்கிறது. உறக்கம் பறிபோனால் எழுச்சி பற்றிக்கொள்கிறது. தூண்டுவது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு இரவு வேலை, ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு, மற்றொருவருக்குக் குடி, வேறொருவருக்குச் சாவு வீடு, ஏன், கல்யாண வீடும்கூட! "உடம்பு தேறிவிட்டதே" என்று தாமாக மாத்திரையை நிறுத்துவோரும் பலர்.

ஆகவே தனக்கு எது பகை என்று அவரவரே கண்டறிய வேண்டும். என் மாணவன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினான். அண்ணன் உறங்கிய மணி, உண்ட மாத்திரை, அன்றைய மனநிலை, எந்த ஷிப்ட் என்று நாளுக்கு ஒரு வரி. மூன்று திங்களில் உண்மை தெரிந்தது: இரு இரவுகள் தொடர்ந்து நான்கு மணிக்குக் குறைவாக உறங்கி, அப்படியும் களைப்பில்லை என்று அவன் சொன்னால், அதுதான் முதல் அறிகுறி. மருத்துவரிடம் ஓடவேண்டிய நாள் அதுவே. உடுக்கைக்காரனைத் தேடும் நாளல்ல. எத்தனையோ நோட்டுகளுக்குச் சிவப்பு மை தீட்டியிருக்கிறேன். இத்துணை பயனுள்ள நோட்டைத் திருத்தியதில்லை.

மருந்தும் உண்டு. லித்தியம் என்னும் எளிய உப்பு எழுச்சியைத் தணிக்கிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949 இல் எழுதினார். இன்றும் அது முதன்மையான மருந்துகளில் ஒன்று. ஆனால் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். நீராவி இஸ்திரி நடக்கும் கூடத்தில் வியர்த்துக்கொட்டி, தண்ணீர் குடிக்காமல் நிற்பவன் உடலில் அது வரம்பு மீறக்கூடும். இதை எந்த மேஸ்திரி அறிவார்?

வேப்பிலையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி நோயாளிகளைக் கொண்டுவிட்ட ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மாண்டன. சங்கிலியிடுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடுத்துவிட்டது.

நண்பர்களே, நம்மையும் விடுவதற்கில்லை. பேயில்லை என்று மேடையில் முழங்குகிறோம். இறங்கி வந்து "கிறுக்கன்" என்று ஏசுகிறோம். "மன உறுதி இருந்தால் போதும்" என்று உபதேசம் வேறு! சர்க்கரை நோயாளியிடம் இப்படிச் சொல்வோமா? இதுவும் மூடநம்பிக்கைதான், திருநீறு பூசாத மூடநம்பிக்கை!

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. நன்று! காலை 8.30க்கு நுழைந்து இரவு 8.30க்கு வெளியேறும் ஒன்றரை ஷிப்டை யார் திரும்பப் பெறுவது? "சரக்குப் போகாவிட்டால் ஆர்டர் போய்விடும்" என்பார்கள். போகலாம். அவன் அறிவு போனதற்கு எந்த ஆர்டரில் கணக்கு எழுதினீர்கள்?

மருத்துவச் சீட்டை நீட்டி, "எனக்குப் பகல் வேலை மட்டும் போதும்" என்றான் அந்த இளைஞன். "அப்படியானால் வேறு இடம் பார்" என்றார்கள். பார்த்துவிட்டான். கூலி குறைவு. கூலி உடன்பாட்டுக்கு அடுத்த முறை அமரும் சங்கத் தோழர்களே, மருத்துவர் சீட்டு உள்ளவருக்கு இரவு வேலை கிடையாது என்னும் ஒரு வரியை அதில் எழுதச் செய்வீர்களா?