ஒற்றை அறைக் குடித்தனம்

என் தமக்கையின் மகனுக்குத் திருச்சியில் உத்தியோகமாயிற்று. பட்டணத்துக்குள் கேட்ட வாடகை அவன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே மேற்கே காவிரியின் தென்கரையிலுள்ள ஜீயபுரத்தில் இடம் பார்த்துக் கொண்டான். கரூர்ச் சாலையில் பஸ்ஸும், ஈரோட்டுப் பாதையில் ரயிலும் உண்டு. சுற்றிலும் வாழைத் தோட்டம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு பக்கத்திலேயே இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டியது வீட்டுக்குள்தான் இருந்தது. பழைய அக்கிரகாரத்து வீடு ஒன்றைத் தடுத்துப் பல குடித்தனங்களாக்கி இருக்கிறார்கள். அதில் இவனுக்குக் கிடைத்தது காமிரா உள் ஒன்று. நீளம் 14 அடி, அகலம் 12 அடி. அதையொட்டித் தாழ்வாரத்தில் ஒரு துண்டு அடுக்களை. கிணறும் கொல்லையும் திண்ணையும் எல்லோருக்கும் பொது. வாடகை மாதம் 3,500 ரூபாய். கையில் சேர்த்து வைத்திருந்த பணம் 15,000 ரூபாய்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது, அறையில் ஒரு பெட்டியும் ஒரு வாளியும் மட்டுமே இருந்தன. ஆனால் பையன் கையில் ஒரு மரச்சாமான் கடையின் வண்ணப் படம் இருந்தது. மெத்தை தைத்த ஸோபா ஒன்று, இரட்டைக் கட்டில் ஒன்று, நிலைக்கண்ணாடி வைத்த அலமாரி ஒன்று.

"மாமா, மூன்றும் சேர்ந்து ரொக்கத்துக்கு 48,000 ரூபாய். தவணையில் வாங்கினால் மாதம் 2,500 கொடுத்தால் போதும். இரண்டே வருஷம்" என்றான்.

"கொடுத்தால் போதுமா? பெருக்கிப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

24 மாதத்துக்கு 60,000 ரூபாய் ஆகிறது, அதிகப்படி 12,000. வருஷத்துக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 12½ வட்டிதானே என்று அவன் சமாதானம் சொன்னான். அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. 48,000 ரூபாயும் இரண்டு வருஷம் முழுவதும் அவனிடம் கடனாக இருப்பதில்லை. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே போகிறது. குறைகிற அசலுக்குக் கணக்கிட்டால் வட்டி நூற்றுக்கு ஏறக்குறைய 22 ஆகும். தவணையில் சாமான் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நலம்.

கணக்கைவிட அவனை அதிகமாக அசைத்தது வேறொன்று. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்குக் கட்டி இருக்கும். அதை எடுத்து, கடைக்காரர் கொடுத்த அளவுப்படி மூன்று சாமான்களையும் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். கட்டில் 6½ அடிக்கு 5 அடி. ஸோபா 6½ அடிக்கு 3 அடி. அலமாரி 4 அடிக்கு 2 அடி. மூன்றும் சேர்ந்து 60 சதுர அடி. அறை முழுவதுமே 168 சதுர அடிதான். அந்தக் காலத்து இரட்டைக் கதவு உட்புறமாகத் திறப்பது. அதற்கும் இடம் விட வேண்டும். மிஞ்சியது ஒரு நடைபாதை.

"தை மாதம் லால்குடியிலிருந்து உன் அம்மா வந்துவிடப் போகிறாள் அல்லவா? அவள் எங்கே படுப்பாள்?" என்றேன்.

அவன் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் பேசாமல் நின்றான். பிறகு காலால் ஸோபாவை அழித்துவிட்டான்.

சின்ன இடத்தில் குடித்தனம் வைப்பவர்கள் முதலில் உணர வேண்டிய உண்மை இதுதான்: அங்கே எல்லாவற்றையும்விட விலையுயர்ந்த சாமான் காலியிடம். மாதாமாதம் வாடகை கொடுப்பது அதற்குத்தான். ஒரு மேஜையை வாங்கும்போது அதன் விலையை ஒரு முறை கொடுக்கிறோம். அது அடைக்கும் தரைக்கோ அங்கே குடியிருக்கும் வரையில் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஒரே கூடம் காலையில் பூஜை செய்யுமிடம், உச்சியில் சாப்பிடுமிடம், மாலையில் பிள்ளைகள் படிக்குமிடம், இரவில் படுக்கையறை. சாமான்களை இடத்துக்கு இடம் வைக்காமல் வேளைக்கு வேளை விரித்துச் சுருட்டினார்கள். ஜப்பானியர்களும் இந்த வித்தையில் வல்லவர்கள். அவர்கள் அறையின் அளவையே பாய்க் கணக்கில் சொல்வார்கள். ஆறு பாய் அறை என்றால் ஏறக்குறைய 100 சதுர அடி. இரவு விரிக்கும் மெத்தையைக் காலையில் மடித்துச் சுவரலமாரியில் வைத்துவிட்டால், அறை மறுபடியும் வெறும் அறை. மகாத்மா 1936-ஆம் ஆண்டு முதல் வாழ்ந்த சேவாக்கிராமக் குடிசையிலும் மண் சுவரும் தரையில் விரித்த பாயும் தாழ்ந்த எழுது பலகையுமே இருந்தன. தேசத்தின் பெரிய காரியங்கள் பல அந்தப் பாயில் உட்கார்ந்து பேசப்பட்டவை.

பழைய வீட்டில் குடியேறுகிறவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. பாதிச் சாமான் வீட்டிலேயே இருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை. ஜீயபுரத்து அறையில் சுவருக்குள் மூன்று மாடங்கள் இருந்தன. ஒன்றில் ஸ்வாமி படம், ஒன்றில் புஸ்தகம், ஒன்றில் சீப்பு, கண்ணாடி முதலிய சில்லறைச் சாமான். தலைக்கு மேல் பரண் ஒன்று. வருஷத்தில் ஓரிரு முறை எடுக்கும் பாத்திரமும் பெட்டியும் அங்கே போயின. தேக்கு உத்திரத்தில் இரும்பு வளையம் இரண்டு. எந்தக் காலத்திலோ அங்கே ஊஞ்சல் ஆடியிருக்க வேண்டும். இப்போது ஒரு மூங்கில் கழி அதிலிருந்து தொங்குகிறது. துணி போட்டு வைக்க அதுவே அலமாரி. வருகிறவர்களோடு பேசுவதற்குத்தான் ஸோபா என்றால், தெருவிலே திண்ணை இருக்கிறது. ஒரு ஸோபாவில் மூன்று பேர் உட்காரலாம். திண்ணையில் முப்பது பேர் உட்காரலாம்.

ஆனால் பழைய சுவரிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். அது சுண்ணாம்புக் காரை பூசிய சுவர். ஈரத்தை உறிஞ்சிப் பிறகு வெளியே விட்டுவிடுவது அதன் சுபாவம். அதன் மேல் சிமெண்டையோ பிளாஸ்டிக் வர்ணத்தையோ பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில மழைக்காலங்களில் காரை உப்பிக்கொண்டு உதிரும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, வடிகட்டி, துளி நீலம் சேர்த்து இரண்டு முறை பூசினால் போதும். செலவும் குறைவு; வெளிச்சமும் இரட்டிப்பாகும். அத்தகைய சுவரில் கண்ட இடத்தில் ஆணி அடிக்கவும் கூடாது. ஆணி நிற்காது, கையளவு காரை கீழே விழும். பாரத்தை உத்திரத்திலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ தொங்கவிடுவதே முறை. பையனும் நானும் ஒரு நாள் முழுவதும் சுண்ணாம்பு அடித்தோம். சாயங்காலம் எங்கள் இருவரையும் பார்த்த வீட்டுக்காரர், சுவரைவிட நாங்களே அதிகமாக வெளுத்திருப்பதாகச் சொன்னார்.

பிறகு வாங்க வேண்டியவற்றைப் பற்றி யோசித்தோம். ஒரு மாதம் வெறும் அறையில் இருந்து பார், எது இல்லாமல் கஷ்டப்படுகிறாயோ அதை மட்டும் எழுதி வை என்று சொல்லியிருந்தேன். முதல் வாரத்துச் சீட்டில் பதினான்கு சாமான் இருந்தது. நாலாவது வாரத்தில் ஐந்தாகக் குறைந்துவிட்டது.

அந்த ஐந்தையும் காவிரிக் கரையிலேயே வாங்க முடிந்தது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஆற்றுக்கு அக்கரையில் முசிறிப் பக்கத்தில் கோரை விளைகிறது. அந்தக் கோரைப் பாய் இரண்டு. ஆற்றோடு மேலே போனால் பவானி. அங்கே கையால் நெய்யும் ஜமக்காளம் ஒன்று. நடுவழியில் கரூர், படுக்கை விரிப்பும் ஜன்னல் திரையும் அந்த ஊர்த் தறியிலிருந்து வந்தன. உள்ளூர்த் தச்சர் ஒருவர் மாம்பலகையில் சுவரோரத்துக்கு ஒரு தட்டும், மடக்கி வைக்கும்படியான எழுது பலகை ஒன்றும் செய்து கொடுத்தார். பாய்க்கு 1,200, ஜமக்காளத்துக்கு 1,500, துணிகளுக்கு 1,200, தச்சருக்கு 1,800, சுண்ணாம்புக்கும் மட்டைக்கும் 600. ஆக 6,300 ரூபாய்.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, லண்டனில் கணக்காய்வு கற்று, சீமை உடுப்பைக் களைந்துவிட்டுக் காந்தியடிகளிடம் சேர்ந்தவர் ஜே. ஸி. குமரப்பா. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக உழைத்தவர். நாம் ஒரு பொருளை வாங்கும்போது, அது உண்டான விதத்துக்கும் நாம் பொறுப்பாளிகளாகிறோம் என்பது அவருடைய போதனையின் சாரம். எங்கேயோ, எப்படியோ செய்யப்பட்ட பலகைத்தூள் அலமாரிக்கு இரண்டு வருஷம் வட்டி கட்டுவதைவிட, பக்கத்துத் தெருத் தச்சருக்கு ரொக்கமாக 1,800 ரூபாய் கொடுப்பது தேசத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது. கால் ஆடினால் அவரையே கூப்பிட்டுக் காட்டலாம் அல்லவா?

இவ்வளவும் எழுதியவன், என் தவற்றையும் எழுதத்தான் வேண்டும். பாயின் பெருமையைப் பேசிப் பேசி, கட்டிலே வேண்டாம் என்று பையனைத் தடுத்துவிட்டேன். தை பிறந்ததும் அக்கா வந்தாள். முதல் நாள் விடியற்காலையில் அவளால் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலில் வாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடத்தில் கையூன்றி, இரண்டு முறை முயன்று எழுந்தாளாம். பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு நாள் கழித்து நான் போயிருந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன்.

"ஏன் அக்கா சொல்லவில்லை?" என்றேன்.

"குழந்தை ஆசையாக வாங்கிப் போட்ட பாயப்பா! அதைப் போய்க் குறை சொல்லுவேனா?" என்றாள்.

எனக்கு மிகவும் வெட்கமாகிவிட்டது. எளிமை நல்லதுதான், ஆனால் முழங்கால் வலிக்காதவன் பேசும் எளிமையை முழங்கால் வலிக்கிறவள் சுமக்கக் கூடாது. அறையை அளந்த நான் அதில் இருக்கப் போகிறவளை அளக்க மறந்துவிட்டேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும்படியும், எழுந்தால் கால் நடுங்காதபடியும், ஏறக்குறைய 18 அங்குல உயரத்தில் ஓர் ஆசனம் கட்டாயம் வேண்டும்.

அன்றைக்கே பழைய மரச்சாமான் விற்குமிடத்துக்குப் போனோம். பழைய சாமான் வாங்குகிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். மரத்தைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று இருக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் தொடவே கூடாது. பொருத்துக்களில் ஆட்டமிருந்தால், அதைச் செப்பனிடும் கூலியை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இடுக்குகளில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் போடுவது நலம். மூட்டைப் பூச்சி கூடவே குடிவந்துவிடக் கூடாது பாருங்கள்! ஒற்றைக் கட்டில் 4,000, இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் 3,500, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று 900. ஆக 8,400 ரூபாய். மொத்தம் 14,700. மிச்சம் 300 ரூபாயை அக்கா வாங்கி முடிந்துகொண்டாள்.

இப்போது அந்தக் கட்டில் ஜன்னலோரத்தில் இருக்கிறது. பகலில் அதன் மேல் ஜமக்காளத்தைப் போட்டுவிட்டால் வருகிறவர்கள் உட்காரலாம். அடியில் டிரங்குப் பெட்டி. இரவில் பையன் பாயை விரித்துக்கொள்கிறான். காலையில் சுருட்டி மூலையில் நிறுத்துகிறான். பெரியவளுக்குக் கட்டில், சின்னவனுக்குப் பாய் என்று அறை தானாகவே ஒழுங்குபட்டுவிட்டது.

பங்குனி உற்சவத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுவது வழக்கம். இவ்வூர்க் கிழவி ஒருத்திக்காக ரங்கநாதரே அவள் பேரனின் உருவில் வந்து, அவளிட்ட பழையதையும் மாவடுவையும் உண்டு போனார் என்பது ஐதிகம். அந்த விசேஷத்துக்கு நாங்கள் ஒன்பது பேர் அக்கா வீட்டில் கூடினோம். எட்டுப் பேர் இரண்டு வரிசையாகத் தரையில் இலை போட்டு உட்கார்ந்தோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இன்னாருக்கு இன்னது வேண்டுமென்று அதிகாரம் செய்தாள். பையன் எழுந்து எழுந்து பரிமாறினான். எல்லோருக்கும் மாவடு உண்டு.

அந்தக் கடைப் படத்திலிருந்த ஸோபா வந்திருந்தால், எங்களில் பாதிப் பேர் தெருத் திண்ணையில்தான் சாப்பிட்டிருக்க வேண்டும். கிழவி வீட்டுக்கு வந்த பெருமாளும் ஆசனம் எங்கே என்று கேட்டதாகக் கதையில் இல்லை. இலை எங்கே என்றுதான் கேட்டிருப்பார்.