திடலைவிடப் பெரியது வானொலி

அறுபதுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பிரெஞ்சுத் தொலைக்காட்சியானாலும் ஆங்கிலத் தொலைக்காட்சியானாலும் உடனே ஒரு வயல்வெளியைக் காட்டுவார்கள். நீண்ட முடி, சேறு, கித்தார், கண்ணுக்கெட்டிய தூரம் ஜனம். வுட்ஸ்டாக்! கூடவே, அந்தக் காலம் போல வருமா என்று ஒரு பெருமூச்சு. ராக் அண்ட் ரோல் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் பெருமூச்சு விடுவதானால், அந்தத் திடலுக்காக விட வேண்டாம், வானொலிக்காக விடுங்கள் என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

1969 ஆகஸ்டு 15-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற ஊரில், ஒரு பால் பண்ணைக்காரர் வாடகைக்கு விட்ட நிலத்தில் அந்த விழா தொடங்கியது. வந்தவர்கள் சுமார் நாலு லட்சம் பேர். வேலி போட்டு முடிப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டதால் டிக்கெட் கேட்க வழியில்லாமல் போயிற்று. சாப்பாடு போதவில்லை, கழிப்பறை போதவில்லை, மழை வேறு. உறக்கத்தில் இருந்த ஒரு பையன் மேல் டிராக்டர் ஏறி அவன் இறந்தே போனான். ஜிமி ஹென்றிக்ஸ் மேடை ஏறியது திங்கட்கிழமை காலையில். அதற்குள் கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. அவர் வாசித்ததை நாமெல்லாம் பார்த்தது 1970-இல் வந்த திரைப்படத்தின் புண்ணியத்தில்.

அந்த விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவர் நம்ம ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்தான் அவர். அன்று இரவு மழையில் சிதார் வாசித்தவர் ரவிசங்கர். அந்தச் சூழல் தனக்குப் பிடிக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

நாலு மாதம் கழித்து, டிசம்பர் 6 அன்று, கலிஃபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்ற இடத்தில் இன்னொரு இலவசக் கச்சேரி நடந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருந்தபோதே மேடைக்கு முன்னால் 18 வயது இளைஞர் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அந்தக் கதையைப் பெருமூச்சு விடுகிறவர்கள் சொல்வதில்லை.

இனி வானொலிக்கு வருகிறேன். பிரான்சில் அப்போது தனியார் வானொலிக்கு அனுமதி கிடையாது. அதனால் 'யூரோப் 1' என்ற நிலையம் பாரீஸில் பேசிவிட்டு, எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் சார் பகுதியிலிருந்து ஒலிபரப்பியது. அதில் 1959 அக்டோபரில் தானியேல் ஃபிலிபாக்கி என்பவர் 'சலூ லே கொப்பேன்' என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். 'வணக்கம் தோழர்களே' என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து, மாலை ஐந்து மணிக்கு. ட்ரான்சிஸ்டர் வந்த காலம் ஆகையால், கூடத்தில் அப்பாவின் காவலில் இருந்த பெரிய பெட்டியை நம்பியிருக்க வேண்டியதில்லை.

1963 ஜூன் 22 அன்று பாரீஸ் நாசியோன் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி என்று அந்த நிகழ்ச்சியில் சொன்னார்கள். ஜானி ஹாலிடே, சில்வி வர்தான் பாடினார்கள். வந்த கூட்டம் ஒன்றரை லட்சம் இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். பத்திரிகைகள் திகைத்துப் போயின. எட்கார் மோரென் என்ற சமூகவியலாளர் 'லெ மோந்த்' நாளிதழில் அதைப்பற்றி எழுதியபோதுதான் 'யே-யே' என்ற பெயரே நிலைத்தது. அந்தக் கூட்டம் ஒரே நாளில் கூடியதில்லை. நாலு வருஷமாக மாலை ஐந்து மணிக்குத் தனித்தனி வீடுகளில் கூடிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். பி.பி.சி. இசைத்தட்டுகளை அளந்து அளந்து போட்டது. 1964-இல் 'ரேடியோ கரோலைன்' ஒரு கப்பலில் ஏறிக் கடலில் நின்றுகொண்டு பாட்டுப் போட்டது. 1967-இல் சட்டம் போட்டுக் கடல் வானொலிகளை முடக்கிய அரசாங்கமே, அடுத்த மாதம் பி.பி.சி. ரேடியோ 1 தொடங்க வழி செய்ய வேண்டியிருந்தது.

நமக்கு இது புதிதா? 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது நாம் எல்லோரும் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினோமே! பிறகு 1957-இல் விவித் பாரதி வந்தது. 'யூரோப் 1' அலை பாண்டிவரை எட்டாது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டுவரும் இசைத்தட்டும், மடித்துக் கசங்கிய பத்திரிகையும்தான் பிரெஞ்சு மீடியம் பையன்களான எங்களுக்குக் கிடைத்தவை. கேட்பதற்கு இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு இருந்தது. அதற்கு டிக்கெட் இல்லை, விசா இல்லை. குமாஸ்தா பிள்ளைக்கும் ரிக்‌ஷாக்காரர் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு.

வானொலிக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ராக் அண்ட் ரோல் என்ற பெயரையே பரப்பிய அமெரிக்க அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட், பாட்டுப் போடக் காசு வாங்கிய விவகாரத்தில் 1959-இல் வேலை இழந்தார். எந்தப் பாட்டு நம் காதுக்கு வர வேண்டும் என்று யாரோ ஒருவர் தீர்மானித்தது உண்மை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, கேட்டது கேட்டபடி கைப்பேசியில் கிடைக்கிறது. அதில் அவர்கள் நம்மைவிடக் கொடுத்து வைத்தவர்கள்தான். ஆனால் தான் கேட்கும் பாட்டைப் பக்கத்து வீட்டிலும் இந்நேரம் கேட்கிறார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. கூட்டம் சேர்வது அந்த எண்ணத்தில்தான்.

வுட்ஸ்டாக் நடந்த இடத்தில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஐம்பதாம் ஆண்டுக்கு இன்னொரு விழா எடுக்கப் பார்த்தார்கள். 2019 ஜூலையில் அது கைவிடப்பட்டது. அது எல்லாப் பத்திரிகையிலும் செய்தி. அதே 2019 டிசம்பர் 31-ஆம் தேதி 'யூரோப் 1' தன் நெட்டலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அதற்காக யார் பெருமூச்சு விட்டார்கள்?

பேரப்பிள்ளைகளிடம் திடலின் கதையை மட்டும் சொல்லாதீர்கள். முள்ளைத் திருகித் திருகி, கரகரப்புக்கு நடுவே ஒரு பாட்டைப் பிடித்த கதையையும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் காதிலிருக்கும் கருவியைக் கழற்றச் சொல்லி, அவர்களுக்குப் பிடித்த பாட்டையே வீடு முழுக்கக் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். நமக்குப் பிடிக்காமல் போகலாம். நம் அப்பாக்களுக்கும் பிடிக்கவில்லைதானே!