சுற்றுலாவில் யாருக்கு முதல் பந்தி?



விடுமுறை வேதாகமப் பள்ளி நிறைவுற்றதும் மே மாதத்தில் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குடும்பங்களையும் ஒருநாள் சுற்றுலா அழைத்துச் செல்வது நம் சபையின் வழக்கம். இவ்வாண்டு எங்கே செல்வது என்ற பேச்சு இப்போதே எழுந்துவிட்டது. செம்பரம்பாக்கத்துக்கு அருகிலுள்ள குயின்ஸ்லேண்ட் என்கிறார்கள் சிலர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. என்கிறார்கள் வேறு சிலர். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட வொண்டர்லாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள் வாலிபர். எந்த இடமானாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் இடத்தையும் பேருந்தையும் முடிவு செய்யும் முன் ஒரு கேள்விக்கு நாம் விடை காணவேண்டும். அன்று மதிய உணவு எத்தனை மணிக்கு? யாருக்கு முதலில்?

"இதுவும் ஒரு தியானப் பொருளா, ஐயா?" என்று உங்களில் சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. ஆதிச் சபையில் எழுந்த முதல் முறுமுறுப்புகளுள் ஒன்று உணவுப் பந்தியைப் பற்றியதே என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். அன்றாடப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர் அதை அற்பமான காரியம் என்று தள்ளிவிடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, அந்தப் பொறுப்புக்கென்றே நியமித்தார்கள். பந்தியில் எவர் விடுபடுகிறார் என்று பார்ப்பது ஆவிக்குரிய வேலை என்று அன்றே தீர்மானமாயிற்று.

சென்ற ஆண்டுச் சுற்றுலாவை நினைத்துப் பாருங்கள். சென்ற பூங்கா எது என்பது இங்கே முக்கியமன்று, பிழை அவர்களுடையதன்று, நம்முடையது, குறிப்பாக என்னுடையது. நாம் எண்பத்தாறு பேர். அதிகாலை ஐந்தரை மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்பட்டோம். ஏழு மணிக்குப் பேருந்திலேயே இட்லிப் பொட்டலம் கொடுத்தோம். பூங்கா வாசலில் ஜெபித்துவிட்டு, "சரியாக ஒரு மணிக்கு எல்லாரும் உணவகத்தருகே கூடுங்கள், ஒரே குடும்பமாக உண்போம்" என்று நானே அறிவித்தேன். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தது!

ஒரு மணிக்குக் கூடினோம். அந்தப் பூங்காவுக்கு வந்திருந்த மற்றெல்லாரும் அதே நேரத்தில்தான் கூடினார்கள். வெளியிலிருந்து உணவு கொண்டுவர அனுமதியில்லாத இடம். கையில் டோக்கனோடு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம்மில் கடைசியாக உண்டவர்களின் கைக்குத் தட்டு வந்தபோது மணி இரண்டேமுக்கால். ஏழு மணி இட்லிக்குப் பிறகு ஏழேமுக்கால் மணி நேரம்.

நம் சபையில் பாதிக் குடும்பங்கள் காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றன. உங்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். தொழிலாளி ஒருவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, அதற்குள் அரை மணி நேரமாவது இடைவேளை தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. இயந்திரங்களுக்கு நடுவே நிற்கிறவருக்குச் சட்டம் காட்டிய அந்த இரக்கத்தை, மே மாத வெயிலில் நடந்த நம் மூதாட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும் உங்கள் போதகர் காட்டவில்லை.

அன்று நடந்தவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

சர்க்கரை நோய்க்குக் காலையில் மாத்திரை உட்கொண்டிருந்த பாட்டி ஒருவர் மரத்தடியில் அமர்ந்திருந்தார். ஒன்றேமுக்கால் மணிக்கு அவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. வெயிலின் களைப்பு என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நம் சபையின் செவிலியர் சகோதரி ஒருவர்தான் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அறிந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் பாட்டி தெளிந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்தச் சகோதரி அன்று ராட்டினத்தில் இருந்திருந்தால்?

இரண்டாவது, தொழிற்சாலை உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலை செய்கிற நம் சகோதரி ஒருவர். தம் பிள்ளைகளை நீர் விளையாட்டுக்கு அனுப்பிவிட்டு, தம் குடும்பத்துக்கும் வேறு மூன்று குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு மணி பத்து நிமிடம் வரிசையில் நின்றார். வாரத்தில் ஆறு நாள் சாப்பாட்டு வரிசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர், ஓய்வாகக் கிடைத்த ஒரு நாளில் இந்தப் பக்கம் நின்றார். நான் வருத்தம் தெரிவித்தபோது, "பரவாயில்லைங்க ஐயா, எனக்குப் பழக்கம்தான்" என்றார். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது நான். ஒன்று இருபதுக்கே இரண்டு வாலிபர் எப்படியோ ஒரு தட்டு வாங்கிவந்து, "ஐயா, நீங்க முதல்ல சாப்பிடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். அன்பினால் செய்தார்கள். நானும் உண்டேன். பாட்டியைப் பற்றிய செய்தி வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். கொரிந்து சபையில் சிலர் முந்தி உண்டு நிறைந்திருக்க, வேறு சிலர் பசியோடிருந்தார்கள் என்று பவுல் வருந்தி எழுதிய பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அதில் முந்தி உண்டவன் நான் என்று அன்றுதான் கண்டேன்.

இத்தகைய நெரிசல் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, எதிர்பார்த்ததைவிட மிகுதியான கூட்டம் வந்து உணவகங்களில் உணவு தீர்ந்துபோயிற்று; குடிநீர்க் குழாய்களும் போதவில்லை. இதன் கணக்கு எளியது. உணவகச் சாளரம் ஒன்றில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் முப்பது குடும்பங்களுக்கு வழங்கலாம். இருபது குடும்பங்கள் வந்தால் காத்திருப்பு அதிகமில்லை. எழுபது குடும்பங்கள் வந்தால் நாற்பது மீந்துபோகும். கடைசிக் குடும்பம் மேலும் எண்பது நிமிடம் நிற்கவேண்டும். சமையலறை அதேதான், ஊழியர்களும் அவர்களேதான். வந்த நேரம் மட்டுமே வேறு. பதினொன்றரைக்குச் செல்கிறவர் அமர்ந்து உண்கிறார். ஒரு மணிக்குச் செல்கிறவர் நின்று வாடுகிறார். மேலும், எல்லாரும் உணவுக்காக நிற்கும் அந்த நேரத்தில் ராட்டினங்களின் வரிசை பெரும்பாலும் குறைந்திருக்கும்.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வாண்டு நாம் ஒரே நேரத்தில் உண்ணவேண்டாம். பதினொன்றரைக்கு முதல் பந்தி. அது முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் சர்க்கரைக்கு மருந்து உட்கொள்கிறவர்களுக்கும். இரண்டரைக்கு இரண்டாம் பந்தி; அது வாலிபருக்கும் திடகாத்திரமானவர்களுக்கும் கமிட்டியாருக்கும் எனக்கும். இரண்டாம் பந்தியாருக்கு நண்பகலில் பழமும் பிஸ்கட்டும் பூங்காவுக்குள்ளேயே வாங்கிக் கொடுப்போம்.

"சபையைப் பிரித்து உட்காரவைத்தால் ஐக்கியம் என்னாவது, ஐயா?" என்று மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதானே பவுலும் சொல்கிறார்?" என்றும் அவர் கேட்டார். ஆம், சொல்கிறார். ஆனால் யாரை நோக்கிச் சொல்கிறார்? உணவும் வசதியும் உடையவர்களை நோக்கி. காத்திருக்கும் பாரத்தைப் பலமுள்ளவன் சுமக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. நாமோ சென்ற ஆண்டு அதைத் தலைகீழாக்கினோம். ஐக்கியம் என்ற பெயரால் பலவீனரைக் காக்கவைத்தோம்.

மாற்கு ஆறாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். வருவோரும் போவோருமாய்க் கூட்டம் மிகுந்து, சீஷர்களுக்கு உண்ணவும் நேரமில்லாதிருந்தது என்று அந்தப் பகுதி தொடங்குகிறது. ஆண்டவர் அவர்களை ஓய்வுக்கு அழைக்கிறார். கூட்டம் அங்கும் பின்தொடர்கிறது. ஐயாயிரம் புருஷர். ஆண்டவர் அவர்களை அப்பத்துக்காக முண்டியடிக்க விட்டாரா? இல்லை. முதலில் புல்வெளியில் அமரச்செய்தார். அதுவும் நூறும் ஐம்பதுமான வரிசைகளாக. அதன் பின்னரே அப்பத்தை எடுத்தார். பன்னிரண்டு சீஷர்கள் பரிமாறினார்கள் என்றால் ஒருவருக்கு ஏறத்தாழ நானூறு பேர். ஒழுங்கில்லாமல் அது கூடியிருக்குமா? அற்புதம் செய்ய வல்லவர், வரிசை அமைப்பதைத் தமக்குத் தாழ்வென்று எண்ணவில்லை. அத்தனை கூட்டமாய்ப் பிரிந்து அமர்ந்தும் அது ஒரே விருந்தாகவே இருந்தது. ஏனெனில் அளித்தவர் ஒருவர்.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் ஊரில் சொல்வார்கள். அது வலக்கையைப் பற்றியது என்பர் பெரியோர்: உண்ணும்போது முன்னே வருவதும், அம்பு தொடுக்கும்போது பின்னே செல்வதும் அந்தக் கையே. நாமோ பொருளை மறந்து, முந்துகிறவனே கெட்டிக்காரன் என்று கற்றுக்கொண்டோம். சபையில் முந்தவேண்டியது யார் என்பதைப் பசி தீர்மானிக்கட்டும், பதவி தீர்மானிக்கவேண்டாம்.

இன்னும் சில காரியங்கள். குழுவாக வருவோருக்கு முன்கூட்டியே உணவு ஏற்பாடு செய்ய இயலுமா என்று பூங்காவிடம் கமிட்டியார் இந்த மாதமே கேட்கட்டும். வரிசையில் நிற்கவேண்டியிருந்தால் வாலிபர் இருவர் இருவராக அரை மணிக்கொரு முறை மாறி நிற்கட்டும். எந்தத் தாயும் ஒரு மணி நேரம் நிற்கலாகாது. சர்க்கரைக்கு மருந்து உட்கொள்கிறவர்கள் அன்றைய மருந்து நேரத்தைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, செவிலியர் சகோதரியிடமும் தனியே தெரிவித்துவிடுங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். எல்லாரும் ஒன்றாக அமரும் ஐக்கியமும் வேண்டும்தான். மாலை ஐந்தரைக்கு, கூட்டம் குறைந்த பின், தேநீரும் சுண்டலுமாய் ஓரிடத்தில் கூடுவோம். அப்போது எவர் வயிறும் காய்ந்திராது. ஜெபத்தில் மனமும் நிற்கும்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரண்டு தாள்கள் வாசலருகே வைக்கப்பட்டிருக்கும். முதல் பந்திக்குரியவர்கள் கூச்சப்படாமல் பெயர் எழுதுங்கள். உணவுக்கூடத்தில் வேலை செய்கிற நம் சகோதரியின் பெயரை முதல் பந்தியில் நானே எழுதிவிட்டேன். அன்று அவர் அமர்ந்திருக்க, மற்றவர்கள் பரிமாறவேண்டும். இரண்டாம் தாளின் கடைசி வரியில் என் பெயர் இருக்கிறது. வாலிபரே, உங்கள் அன்பை அறிவேன். எனக்கு முந்தித் தட்டு கொண்டுவரவேண்டாம்.

கர்த்தர் உங்கள் வீட்டுப் பந்திகளையும் ஆசீர்வதிப்பாராக.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்,
கடம்பத்தூர்