அப்பாவின் கண்ணுக்குத் தெரியும் முள்

போன கோடையில் எம்25 நெரிசலில் அப்பாவின் கார் நின்றுவிட்டது. 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி ஜி.டி. பொனற்றுக்குள் இருந்து வெள்ளை ஆவி, கீழே பச்சைத் தண்ணீர். ஹெட் காஸ்கட் போய்விட்டது. திருத்தின செலவைக் கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. ரோட்டோரத்தில் நின்று அப்பா மெதுவாகச் சொன்னதுதான் என்னைக் குழப்பியது. "முள்ளு எங்க நிண்டது எண்டு எனக்குத் தெரியேல்ல தம்பி."

கார் திருந்தி வந்த அன்று சாவியை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "இனி நீயே வச்சிரு" என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை.

அப்பாவுக்கு 71 வயது. ஊரில் இளந்தாரியாக இருந்தபோது ஒஸ்ரின் ஏ55 ஒன்றை ஹயரிங் ஓட்டியவர். அந்தக் காரின் 1489 சி.சி எஞ்சினும் எம்.ஜி.பியின் 1798 சி.சி எஞ்சினும் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: உங்கள் அம்பாசிடருக்குள் பல வருடம் ஓடியதும் இதே குடும்பம்தான்.) அந்த ஏ55இல் ஒரு மீற்றரும் வேலை செய்யாதாம். எஞ்சின் சூடாவதை மணத்தில் பிடிப்பார்களாம். ஆனால் மோட்டோர்வே நெரிசலில், சுற்றிவர லொறிப் புகைக்கு நடுவில், எந்த மணம் வரும்?

பெரிய மீற்றர் போடுவோம் என்று எனக்கு உடனே தோன்றியது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பிழை மீற்றரிலா, கண்ணிலா? இங்கே 70 வயதுக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் கண் நன்றாகத் தெரிகிறது என்று அவரே சொன்னால் போதும், யாரும் பரிசோதிப்பதில்லை. ஆகவே நானும் மகளும் வீட்டுத் தெருவில் 20 மீற்றர் அளந்து சோக்கால் கோடு போட்டோம். சட்டம் கேட்கும் தூரம் அது. அப்பா கண்ணாடியோடு நின்று, வரிசையாக நின்ற கார்களின் நம்பர் பிளேட்டுகளை ஒரு எழுத்துக்கூடப் பிழைக்காமல் வாசித்தார். "என்ர கண்ணில பிழை இல்லை. அந்த மீற்றர் எறும்புக்குச் செய்தது" என்றார்.

கண் பரிசோதகரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் விஷயம் விளங்கியது. அப்பா போடுவது வரிஃபோக்கல் கண்ணாடி. மேல் பகுதி தூரத்துக்கு, கீழ் பகுதி புத்தகம் வாசிக்க. டாஷ்போட் இருக்கும் கைநீளத் தூரத்துக்கு நடுவில் ஒரு ஒடுங்கிய பட்டை மட்டும்தான். கீழே பார்க்கப் பார்க்க எல்லாம் மங்கும்.

இப்போது அந்தப் பழைய மீற்றர். 52 மி.மீ வட்டம் ஒன்றுக்குள் இரண்டு மீற்றர்: பாதி ஒயில் பிரஷர், பாதி தண்ணீர்ச் சூடு. சூட்டுப் பக்கத்தில் எண்களே இல்லை, சி, என், எச் என்று மூன்று எழுத்துகள் மட்டும். முள் குண்டூசி அளவு. நான் வாங்கியது 67 மி.மீ மீற்றர் இரண்டு, ஒன்றுக்கு ஒரு வேலை. 52க்கும் 67க்கும் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரித் தெரியும். பரப்பைக் கணக்குப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு கூட. அதைவிட முக்கியம், முள் இப்போது பாதி வட்டத்தைப் பங்கு போடாமல் முழு முகத்தையும் சுற்றுகிறது. 90இல் இருந்து 100க்குப் போனால் கடைக்கண்ணிலேயே தெரியும்.

கியர் லீவருக்கு முன்னால் உள்ள கொன்சோலில், ரேடியோ இருக்கும் இடத்தில், ஒரு பலகையில் பூட்டிவிடுவதுதான் என் திட்டம். பழைய டாஷில் ஒரு கீறல் விழாது. ஆனால் அது கண்ணாடியின் வாசிக்கும் பகுதி விழும் இடம். மீற்றர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே மங்கல்தான், ரோட்டில் இருந்து கண்ணையும் எடுக்க வேண்டும். மகள் மட்டையில் 67 மி.மீ வட்டங்கள் வெட்டி எண் எழுதித் தந்தாள். அப்பாவைச் சீற்றில் இருத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு இடமாக ஒட்டிப் பார்த்தோம். தெளிவாகத் தெரிந்த இடங்கள் எல்லாம் இரும்பு டாஷில்தான். வெட்டத்தான் வேண்டும்.

வெட்டினால் திரும்பி வராது. 1972இல் தொழிற்சாலையில் அழுத்திச் செய்த தகடு, கறுப்புச் சுருக்கப் பெயின்ற் அப்படியே இருக்கிறது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் உடைத்து விற்கும் ஒரு காரின் டாஷ் தகட்டை வாங்கி அதை வெட்டினோம். அசல் தகடு போர்வையில் சுற்றி மேல்தட்டில் இருக்கிறது. அதே மொடல் வைத்திருக்கும் ஒருவர் "ஒரிஜினலைக் கெடுத்துப்போட்டீர்" என்றார். கெடுக்கவில்லை, நித்திரைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றேன்.

இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு: ஏற்கனவே உள்ள ஓட்டையைப் பெரிதாக்கப் போனால் ஹோல் சோவின் நடு ட்ரில் பிடிக்க இடம் இருக்காது, பிளேட் துள்ளும். தகட்டின் பின்னால் ஒரு ப்ளைவூட் துண்டை இறுக்கிக் கட்டினால் நடு ட்ரில் மரத்தில் பிடிக்கும். அளவைவிடச் சின்னதாக வெட்டி, மிச்சத்தை அரத்தால் அராவ வேண்டும். அராவியது அப்பா. மூன்று பின்னேரம், ரேடியோவில் பழைய பாட்டு, வாயில் ஒரு முணுமுணுப்பு. சாவியைத் தந்த ஆள் மாதிரியே இல்லை.

எம்.ஜி.பியின் டாஷைக் கழற்றுவது ஒரு தண்டனை. மேல் விளிம்பில், விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே ஒளிந்திருக்கும் நட்டுகளுக்கு என் கை போகாது. மகளின் ஒன்பது வயதுக் கை போனது. ஸ்பானர், வொஷர், நட் எல்லாம் அப்பப்பாவோடு சேர்ந்து தமிழில்தான் அவளுக்கு நடந்தது. "இடப்பக்கம் திருப்பு, இறுக்காத, இளக்கு." சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'இளக்கு' என்ற சொல்லை அவள் கேட்டிருக்க மாட்டாள்.

புதிய சூட்டு மீற்றர் மின்சாரத்தில் வேலை செய்வது. பூட்டுவதற்கு முன் குசினியில் சோதித்தோம். கொதிக்கும் தண்ணீரில் சென்சரைத் தொங்கவிட்டு, அதன் உடம்பை பற்றரி நெகற்றிவில் இணைத்தால் முள் 100ஐக் காட்ட வேண்டும். காட்டியது. ஆனால் எஞ்சினில் பூட்டி ஓடவிட்டால் 60க்கு மேல் போகவில்லை. ரேடியேட்டர் ஹோஸிலோ கை வைக்க முடியாத சூடு. பழைய மீற்றராவது தெரியாமல் இருந்தது, இது பொய் சொல்கிறது. இரண்டு மணித்தியாலம் மல்டிமீற்றரோடு வயர் வயராகத் தேடினேன். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில், ஆகவே மீற்றரில், வயரில், ஃபியூஸில் எல்லாம் சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கேட்டார். "மரையில டேப் சுத்தினனியோ?"

சுற்றியிருந்தேன், தண்ணீர் கசியாமல் இருக்கட்டும் என்று நாலு சுற்று டெஃப்லான் டேப். ஒற்றை வயர் சென்சருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்க வேண்டும். டேப் அதை மறித்தது. எதிர்ப்பு கூடினால் மீற்றர் அதைக் குளிர் என்று நினைக்கும். டேப்பை எடுத்துவிட்டு ஒரு செப்பு வொஷர் போட்டேன். முள் 85இல் வந்து நின்றது.

இரவில் இன்னொரு பிரச்சினை. புதிய மீற்றரின் எல்.ஈ.டி வெளிச்சம் கண்ணைக் குத்தியது. காரின் பழைய டிம்மரைத் திருப்பினால் குறையவும் இல்லை, அது பல்புக்கு வைத்தது. சின்ன பல்பு மாற்றிப் போட்டேன், இப்போது பழைய பச்சை வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மீற்றர் மாற்றியதை இன்சூரன்ஸுக்கும் அறிவித்தேன்.

போன ஞாயிறு அப்பா சாவியைக் கேட்டார். நான் பக்கத்துச் சீற்றில், மகள் பின்னால். அதே எம்25, அதே மாதிரி நெரிசல். முள் 95 தாண்டியதும் நான் வாயைத் திறக்க முதல் அவர் ஹீற்றரை முழுதாகத் திருகி, சூட்டை எங்கள் காலுக்குத் தள்ளிவிட்டார். ஜூலை மாதம். மூன்று பேரும் வியர்த்து ஒழுகினோம். முள் 90க்கு இறங்கியது.

"பெற்றோல் மீற்றரையும் பெரிசாக்குவமா அப்பா?" என்று கேட்டேன்.

"பெற்றோல் எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும். நான்தானே அடிக்கிறன்."