லீவுல ரெண்டு வாரம் இருக்காம், என்ஜின் வேலையை முடிச்சிடலாமாம்!

போன ஞாயித்துக்கிழமை டோம்பிவிலியில இருந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். தென்காசிப் பக்கத்து ஆள், என்னை விடப் பத்து வயசு சின்னவர்.

"அண்ணாச்சி, நல்ல சேதி. அப்பா காரை லாரியில ஏத்தி ஊருக்கு அனுப்புறேன். எனக்கு ரெண்டு வாரம் லீவு. மாமாவுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார். என்ஜினை இறக்கிப் புதுசு மாதிரி பண்ணிடலாம்னு சொல்லிட்டார். இங்க ஆகிற செலவுல பாதிதான்!"

அப்பா கார்னா 1986 மாடல் பிரீமியர் பத்மினி. அவங்க அப்பா பம்பாய்க்கு வந்து சம்பாதிச்சு வாங்கின முதல் கார், கடைசி காரும் அதுதான். அவர் போய் எட்டு மாசம் ஆகுது. முதல் வருஷத் திதி முடிஞ்சதும் அம்மாவை அதே கார்ல குற்றாலம் கூட்டிட்டுப் போகணும்னு இவருக்கு ஆசை.

"தம்பி, தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க"ன்னு சொன்னேன். கோபம் வந்துடுச்சு, போனை வெச்சுட்டார். அன்னைக்குச் சொல்ல முடியாததை எல்லாம் இங்க எழுதிடறேன். ஏன்னா இது அவர் ஒருத்தர் பிரச்சினை இல்லை. வெளியூர்ல குப்பை கொட்டுற நம்ம எல்லாருக்கும் இருக்கிற வியாதி. வீடு கட்டுறது, பல்லைக் கட்டுறது, கார் என்ஜின், எதுவா இருந்தாலும் "லீவுல ஊருக்குப் போறப்ப முடிச்சுக்கலாம்". வீட்டு வேலை பாதியில நின்னா அடுத்த லீவுல பார்த்துக்கலாம். என்ஜின் அப்படி இல்லை மக்களே.

எனக்கு எப்படித் தெரியும்? 2012-ல நானும் இதையேதான் பண்ணினேன். அதே பத்மினி, அதே நெல்லை, எனக்குக் கிடைச்சது பத்து நாள். போர் பண்ணின பிளாக் லேத்துல இருந்து வந்தது எட்டாம் நாள் சாயங்காலம். ராத்திரியோட ராத்திரியா மாட்டினாங்க. பக்கத்துல நின்னு "சீக்கிரம் சீக்கிரம்"னு விரட்டினது வேற யாரும் இல்லை, நான்தான். பிளாக்குக்குள்ள ஆயில் போற துவாரங்களோட அடைப்பானைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டுக் கழுவணும். அதுக்கு நேரம் இல்லை. உள்ளே தங்கின இரும்புத்தூள் ஆயிலோட சேர்ந்து பேரிங்குக்குப் போச்சு. திரும்பி வர்ற வழியில, ஹூப்ளி தாண்டி, ஒரு சத்தம். அப்புறம் என்ஜின் அசையலை. மனைவியும் அஞ்சு வயசு மகளும் நானும் ரோட்டோரம் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேரிங் போச்சு, கிராங்க் போச்சு, பண்ணின செலவும் போச்சு. மறுபடி மும்பையில செஞ்சப்போ அஞ்சு மாசம் ஆச்சு.

அந்த மெக்கானிக்கை இன்னைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். கைவேலை தெரிஞ்ச மனுஷர். தப்பு நான் கொடுத்த பத்து நாள்ல இருந்தது.

"எங்க அப்பா காலத்துல குர்லாவுல மூணே நாள்ல என்ஜின் கட்டிக் கொடுப்பாங்களே"ன்னு நண்பர் கேட்டார். உண்மைதான். இந்தக் கார் பிறந்ததே குர்லா தொழிற்சாலையில. ஆயிரக்கணக்கான டாக்ஸி ஓடினப்போ எல்லா அளவிலயும் பிஸ்டன் பக்கத்துக் கடையிலயே கிடைக்கும். டாக்ஸிக்காரருக்கு வேண்டியது நாளைக்குக் காலையில வண்டி ஓடணும், அவ்வளவுதான். கெட்டா மறுபடி இறக்கிக்குவார். மும்பையோட கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர்ல ரோட்டை விட்டுப் போச்சு. இப்ப உங்க பிளாக் கெட்டா இன்னொண்ணு எங்கே தேடுவீங்க? அன்னைக்குச் சரியா இருந்த அவசரம் இன்னைக்குச் சரிப்படாது.

என்ஜின் வேலைங்கிறது பிரிக்கிறதும் மாட்டுறதும் இல்லை, அளக்கிறது. அளந்த பிறகுதான் என்ன பண்றதுன்னே முடிவு பண்ண முடியும். "பிரிச்ச பிறகு பார்த்துக்கலாம்"னு யார் சொன்னாலும், அது உங்க சொந்த மாமாவா இருந்தாலும், சாவியைக் கொடுக்காதீங்க.

முதல்ல, பிரிக்கணுமான்னே பாருங்க. என்ஜினைச் சூடு பண்ணி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு, ஒவ்வொரு சிலிண்டரா கம்ப்ரெஷன் பாருங்க. ஒண்ணு மட்டும் ரொம்பக் குறைஞ்சா அதுக்குள்ள ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், போர் தேய்மானம். ஏறலைன்னா வால்வு இல்லேன்னா ஹெட் கேஸ்கட். காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் ஒரு மூச்சு நீலப்புகை வந்து நின்னுட்டா பெரும்பாலும் வால்வு கைடு பக்கம்தான் கோளாறு. அதுக்காக பிளாக்கைப் போர் பண்ணினா, தலைவலிக்குக் காலை வெட்டின கதைதான் :-)

இறக்கியே ஆகணும்னா வரிசை முக்கியம். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவுல, கீழேன்னு மூணு இடத்துல, ரெண்டு திசையில அளக்கணும். கிராங்கையும் மைக்ரோமீட்டர்ல அளக்கணும். ஹெட் அலுமினியம், சூடு ஏறி வளைஞ்சிருக்கான்னு பார்க்கணும். அதுக்கப்புறம் எந்த ஓவர்சைஸ் வேணும்னு முடிவு பண்ணி, பிஸ்டனைத் தேடிக் கையில வாங்கணும். அந்தப் பிஸ்டனை லேத்காரர்கிட்ட கொடுத்து, அதோட அளவுக்குத்தான் போர் பண்ணச் சொல்லணும். நம்ம ஆளுங்க தலைகீழாப் பண்றாங்க. முதல்ல போர் பண்ணிட்டு அப்புறம் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் ஆள் அனுப்புறாங்க. பத்மினியோட போர் 68 மில்லிமீட்டர். ஒவ்வொரு தடவை போர் பண்றப்பவும் அந்த இரும்புல கொஞ்சம் போகுது. போனது திரும்பி வராது. எல்லை தாண்டினா ஸ்லீவ் அடிக்கிறதுதான் கதி.

பிஸ்டன் தேடுறதுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஆகலாம். லேத்துல வரிசையில நிக்கணும். இதையெல்லாம் ரெண்டு வார லீவுக்குள்ள எப்படி அடைப்பீங்க?

இன்னும் ரெண்டு விஷயம். இந்தக் கார் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கார். 2000 பிப்ரவரியில அது நாடு முழுக்க நின்னுபோச்சு. ஹெட் இறங்கியிருக்கிறப்பவே வால்வு சீட் தேய்ஞ்சிருக்கான்னு பார்த்து, மாத்துறதா இருந்தா கடினமான சீட்டாப் போடச் சொல்லுங்க. இப்ப பம்புல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பு டயாஃப்ரம் எல்லாம் அதுக்குத் தாங்காது, அதையும் லிஸ்டுல சேருங்க. வண்டியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பிளாக்குல இருக்கிற என்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கோட ஒப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கோங்க. வேற பிளாக் மாட்டி வந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல உங்க பாடு திண்டாட்டம்.

"இவ்வளவு பார்த்தா எதுவுமே செய்ய முடியாது அண்ணாச்சி"ன்னு சொல்லுவீங்க. செய்யலாம், திதிக்குள்ள முடியாது, அவ்வளவுதான். அப்பா இத்தனை வருஷம் அந்தக் காரை வெச்சிருந்தாரே, எந்த வேலையையும் அவசரத்துல பண்ணினதா நீங்க சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா உங்ககூட குற்றாலம் வரணும்னுதான் நினைப்பாங்க. இந்த வருஷம் வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போங்க, அடுத்த சாரலுக்கு அப்பா கார்ல போகலாம். பாதி வழியில அந்தக் கார் நின்னு, அம்மா ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறதை மட்டும் நீங்க பார்க்க வேண்டாம். நான் பார்த்திருக்கேன்.

லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தா போகட்டும், விடுங்க. கம்ப்ரெஷன் கேஜ் என்கிட்ட இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில டோம்பிவிலி வர்றேன். திட்டுறதா இருந்தா அப்ப நேர்லயே திட்டுங்க. டீ மட்டும் போட்டு வைங்க.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, கம்ப்யூட்டர்ல பொட்டி தட்டுற ஆள். ஒரு என்ஜினைக் கொன்னுட்டுக் கத்துக்கிட்டதுதான் இவ்வளவும்.